பல் வைத்த பென்னி பிளாக் கிடையாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உலகின் முதல் தபால்தலையைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். தபால்தலையைப் பற்றி எழுத இன்னும் ஒரு நாளிதழுக்கு மனசு வருகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு படத்தைப் பார்த்தேன். 'பென்னி பிளாக்' என்று கீழே எழுதி நீங்கள் போட்டிருந்தது அந்த முதல் தலையான கறுப்பு பென்னி பிளாக் இல்லை, அதற்கு அடுத்து வந்த சிவப்பு பென்னி ரெட். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் சிவப்பும் சாம்பலாகத்தான் விழும், பக்கம் அமைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். நாலு பக்கமும் பல் இருக்கிறது. 1840-ல் தபால்தலைக்குத் துளை போடும் இயந்திரமே வரவில்லை, கவுன்ட்டரில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுத்தார்கள். போதாததற்கு உங்கள் படத்தில் நாலு மூலையிலும் எழுத்து இருக்கிறது. பென்னி பிளாக்கில் கீழ் மூலைகள் இரண்டில் மட்டும்தான் எழுத்து, மேல் மூலைகளில் நட்சத்திரம் மாதிரிப் பூ வேலை. ஆக, நீங்கள் போட்டது 1864-லோ அதற்குப் பிறகோ வெளியான சிவப்புத் தலை.

நான் தபால் இலாகாவில் கவுன்ட்டர் வேலையில் ஆரம்பித்து சப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவள். தபால்தலை சேர்ப்பவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்து இருக்கும். எனக்கு பென்னி ரெட். குமாஸ்தா சம்பளத்தில் வாங்கக்கூடிய நூற்றைம்பது வருஷத்துப் பொருள் வேறு என்ன இருக்கிறது? அதனால் உங்கள் கட்டுரையில் இருந்த மூன்று விஷயங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுதான் போகும். இடமில்லை என்றால் 77-ம் எண் பிளேட்டை, அதாவது தலை அச்சடிக்கும் எஃகுத் தகட்டைப் பற்றி நான் எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது போடுங்கள். அதில் ஜனங்களுடைய பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதலாவது, கறுப்பு துக்க நிறம் என்று மக்கள் முகம் சுளித்ததால் ஒரே வருஷத்தில் பென்னி பிளாக்கை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நிறுத்த வைத்தது முத்திரை மை.

ரோலண்ட் ஹில் 1837-ல் தபால் சீர்திருத்தம் பற்றித் தன் பிரசுரத்தை எழுதியபோது பிரிட்டனில் கடிதத்துக்குக் காசு கொடுத்தது பெரும்பாலும் வாங்குகிறவர்தான். எத்தனை தாள், எத்தனை மைல் என்று கணக்குப் பார்த்து வசூலிப்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் இலவசம், அந்தச் சலுகையில் யார் யார் கடிதமோ போய்க்கொண்டிருந்தது. ஹில் சொன்னது எளிய விஷயம்: தூரத்தை விட்டுவிடுங்கள், அரை அவுன்ஸ் வரை நாடு முழுக்க ஒரு பென்னி, அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டட்டும். 1840 ஜனவரி 10-ல் அந்தக் கட்டணம் வந்தது. தபால்தலை மே 1 முதல் விற்பனைக்கு வந்து மே 6 முதல் செல்லுபடியானது. 1839-ல் சுமார் 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள் 1840-ல் சுமார் 16 கோடியே 80 லட்சம் ஆயின. கட்டுப்போட்டுப் பை கட்டிய யாருக்கும் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

இவ்வளவு கடிதம் ஓடினால் அடுத்த கேள்வி, ஒட்டிய தலையைக் கழற்றி மறுபடி ஒட்டினால் என்ன செய்வது? அதற்காகத்தான் ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் மால்டீஸ் கிராஸ் என்ற முத்திரையைக் கொடுத்து, சிவப்பு மையில் குத்தச் சொன்னார்கள். கறுப்புத் தலையில் கறுப்பு முத்திரை தெரியாதே, அதனால் சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்பு மையைக் கழுவி எடுக்க முடிந்தது. எடுத்தார்கள். காசு மிச்சம் என்றால் எந்த ஊர் ஜனமும் முயன்று பார்க்கும். அழியாத மை கறுப்புதான் என்றால், அது பளிச்சென்று தெரிய தலையின் நிறம் மாற வேண்டும். பல நிறங்களில் சோதனை அச்சு எடுத்துப் பார்த்தார்கள். ரெயின்போ டிரையல்ஸ் என்று சேகரிப்பவர்கள் சொல்வது அவற்றைத்தான். கடைசியில் 1841 பிப்ரவரியில் பழுப்பு கலந்த சிவப்பு வந்தது, முத்திரை மை கறுப்பானது. கறுப்புத் தலைக்குச் செய்த பிளேட்டுகளில் சிலவற்றிலேயே சிவப்பு மை ஏற்றி அச்சடித்தார்கள். ஒரே பிளேட்டில், ஒரே இடத்தில் அச்சான கறுப்பும் சிவப்பும் ஜோடியாகக் கிடைத்தால் சேகரிப்பவர் அன்று சாப்பாட்டை மறந்துவிடுவார்.

இரண்டு பென்னி நீலத் தலைக்கும் அப்போதே ஒரு மாற்றம் செய்தார்கள். நிறத்தை விட்டுவிட்டு, மேலே 'போஸ்டேஜ்' என்ற சொல்லுக்கு அடியிலும் கீழே விலைக்கு மேலும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்கள். பழையது எது, புதியது எது என்று அந்தக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, பென்னி பிளாக் 'உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சானது 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல். அந்தக் காலத்தில் கடிதத்தை உறை இல்லாமல் மடித்தே அனுப்புவார்கள், தலை கடிதத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். வக்கீல் கட்டுகளிலும் கணக்குக் கட்டுகளிலும் கடிதத்தோடு தலையும் பத்திரமாக இருந்துவிட்டது. அதனால் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறது. அதற்கு விலை இருக்கிறது என்றால் எல்லாரும் ஒன்று வேண்டும் என்று கேட்பதால்தான். நாலு பக்கமும் ஓரம் குறையாமல் வெட்டப்பட்டது என்றால் விலை ஏறும். இரண்டு தலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு சின்னது, அவசரத்தில் கத்தரிக்கோல் வைத்த குமாஸ்தா பாதித் தலைகளைக் கெடுத்திருப்பார்.

இனி உங்கள் படத்தில் இருந்த தலைக்கு வருகிறேன். அதில் கீழே இடது மூலையில் 'கியூ', வலது மூலையில் 'ஜி' என்று இருந்தது. கட்டுரையாளர் அதை அச்சகத்தின் ரகசியக் குறி என்று எழுதியிருந்தார். ரகசியம் ஒன்றுமில்லை, சினிமா தியேட்டர் சீட் நம்பர் மாதிரிதான். ஒரு ஷீட்டில் 20 வரிசை, வரிசைக்கு 12 தலை, மொத்தம் 240. 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. ஆகவே ஒரு வரிசை ஒரு ஷில்லிங், ஒரு ஷீட் ஒரு பவுண்டு. கவுன்ட்டரில் உட்கார்ந்து கணக்கு ஒப்படைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட அழகான ஷீட் கணக்கு எந்த இலாகாவும் போட்டதில்லை. இடது எழுத்து வரிசை, வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்பது. ஏ-யிலிருந்து எண்ணினால் கியூ 17-வது, ஜி 7-வது. அப்படியானால் உங்கள் படத்தில் உள்ள தலை 17-வது வரிசையில் 7-வதாக இருந்தது. முதல் தலை ஏ–ஏ, கடைசித் தலை டி–எல். கள்ளத்தனமாக அச்சடிக்கிறவன் ஒரே எழுத்தில் நூறு அடித்தால் மாட்டிக்கொள்வான் என்பது யோசனை. ஷீட்டின் ஓரத்தில் விலையும், முகவரிக்கு மேலே வலப்பக்கமாக ஒட்டுங்கள் என்பதும், பின்பக்கத்தை நனைக்கும்போது பசை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதும் அச்சாகியிருக்கும். ஜனங்களுக்கு அதுவரை தலையை ஒட்டிப் பழக்கமே இல்லையே.

இந்த எழுத்துகள் எப்படி வந்தன என்பதுதான் பென்னி ரெட்டின் சுவாரசியம். லண்டன் ஃப்ளீட் தெருவில் பெர்கின்ஸ் பேகன் கம்பெனி அச்சடித்தது. ஜேக்கப் பெர்கின்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தவர், கள்ள நோட்டு அடிக்க முடியாத எஃகுச் செதுக்கல் அச்சில் கெட்டிக்காரர். விக்டோரியா அரசியின் முகம், வில்லியம் வையன் செய்த பதக்கத்திலிருந்து வந்தது. அரசி 1837-ல் லண்டன் நகர மன்றத்துக்கு வந்ததன் நினைவாகச் செய்த பதக்கம் அது. அதைப் பார்த்து ஹென்றி கார்போல்ட் வரைய, சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃப்ரெடெரிக்கும் சின்ன எஃகுத் துண்டில் செதுக்கினார்கள். முகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பூவோ கொடியோ கொஞ்சம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது, மனித முகம் மயிரிழை மாறினாலும் 'இது வேறு' என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தச் செதுக்கலைக் கடினப்படுத்தி, மென்மையான எஃகு உருளையில் அழுத்தி எடுப்பார்கள். உருளையையும் கடினப்படுத்தி, பெரிய பிளேட்டில் 240 முறை உருட்டி அழுத்துவார்கள். முகமும் பின்னணியும் அப்படி வந்துவிடும். ஆனால் மூலை எழுத்துகள் வெறுமையாக இருக்கும். ஒரு தொழிலாளி எழுத்து அச்சும் சுத்தியுமாக உட்கார்ந்து, தலைக்கு இரண்டு எழுத்து, பிளேட்டுக்கு 480 எழுத்தை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். கை என்றால் கைதானே. ஒரு எழுத்து இடப்பக்கம் சாயும், ஒன்று கட்டத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டு அதன் மேலேயே சரியானதை அடித்திருப்பார். அதனால்தான் பிளேட் எண் அச்சாகாத பழைய தலைகளைக்கூட, எழுத்து கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்தே எந்த பிளேட் என்று கண்டுபிடிக்க முடிகிறது. எழுத்து அச்சுகளையும் அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள். நாலு வகை எழுத்து என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் சேகரிப்பவர்கள். கடைசி வகையில் 1861-ல் வந்த 50, 51 ஆகிய இரண்டு பிளேட்டுகளில் எழுத்தை அச்சு வைத்து அடிக்காமல் கையாலேயே செதுக்கினார்கள்.

பல் இல்லாத பழைய வரிசையில் ஒரு பிளேட்டில் இரண்டாவது வரிசையின் முதல் தலைக்கு பி–ஏ என்று அடிக்க வேண்டியவர் 'பி'-யை அடித்துவிட்டு 'ஏ'-யை மறந்தே போனார். டீ வந்திருக்குமோ என்னவோ. வலது மூலை காலியாகவே அச்சாகி விற்பனைக்கும் போய்விட்டது. அந்த பிளேட்டின் எண்ணும் 77 என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். இன்னொரு வகை, தேய்ந்த அல்லது சரியாகப் பதியாத இடத்தில் உருளையை மறுபடி வைத்து அழுத்தியது. கொஞ்சம் தள்ளிப்போனால் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். ரீ-என்ட்ரி என்பார்கள். பழைய வரிசையின் 75-ம் பிளேட்டில் எல்–கே தலையில் கோடுகள் இரட்டித்து பிரிட்டிஷ் கொடி மாதிரி தெரிவதால் அதற்கு யூனியன் ஜாக் என்றே பெயர்.

பல் வந்த கதை தனி. ஹென்றி ஆர்ச்சர் என்ற ஐரிஷ்காரர் 1840-களின் கடைசியில் தலைகளைச் சுலபமாகப் பிரிக்க இயந்திரம் செய்து பார்த்தார். முதலில் கத்தியால் சின்னச் சின்ன வெட்டு, பிறகு ஊசித்துளை. சோதனையாகச் சில ஷீட்டுகள் விற்பனைக்கும் போயின. கடைசியில் அரசாங்கம் 1853-ல் 4,000 பவுண்டு கொடுத்து உரிமையை வாங்கியது. 1854-ல் துளை போட்ட பென்னி ரெட் கவுன்ட்டருக்கு வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு 16 துளை. அது மிக நெருக்கம், கையில் எடுத்தாலே ஷீட் பிய்ந்துகொண்டு வந்தது. 1855-ல் அதை 14 ஆக்கினார்கள், அந்த அளவு நிலைத்துவிட்டது. அச்சடிக்கும் முன் தாளை நனைப்பார்கள், காய்ந்தால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மாதிரி சுருங்கும், துளை இயந்திரத்தின் ஊசிகளோ அசையாது. அதனால்தான் பல் படத்துக்குள்ளேயே ஏறிய தலைகள் அவ்வளவு கிடைக்கின்றன. நேர் நடுவில் உட்கார்ந்த தலைக்கு விலை அதிகம் என்பது இதனால்தான்.

அதே 1855-ல் அரசியின் முகமும் மாறியது. பழைய செதுக்கல் தேய்ந்துபோனதால் வில்லியம் ஹம்ஃப்ரீஸ் அதை ஆழப்படுத்தினார். பேரப்பிள்ளைகளுக்கு நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பழையதில் முகம் மெலிசான கோடுகளால் ஆனது, தூக்கக் கலக்கம் மாதிரி. புதியதில் கண்ணில் நிழல் ஏறியிருக்கும், உதடு தடித்திருக்கும், வாயின் ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு அழுத்தமான கோடு, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே ஒரு பள்ளம். வயசான மாதிரி இல்லை, கோபம் வந்த மாதிரி இருக்கும். குழந்தைகள் லென்ஸ் இல்லாமலேயே சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்கள்தான் தடுமாறுகிறார்கள். தாளில் இருக்கும் வாட்டர்மார்க் கிரீடமும் அந்த வருஷம் பெரிதானது. அதைப் பார்க்கத் தலையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும்.

கவிழ்க்கும்போதே இன்னொன்றைக் கவனியுங்கள். பழைய சிவப்புத் தலைகளின் தாள் நீலம் பாய்ந்திருக்கும். யாரோ சலவை நீலத்தில் முக்கிவிட்டார்கள் என்று நினைத்து வெந்நீரில் போட்டவர்கள் உண்டு, தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். மையில் இருந்த ரசாயனம் ஈரத் தாளோடு சேர்ந்து தந்த நிறம் அது. சில தலைகளில் பின்பக்கம் முழுக்க நீலமாக, நடுவில் அரசியின் தலை மட்டும் வெள்ளையாகத் தெரியும். முன்பக்கம் முகத்தில் மை குறைவு, அதனால் அங்கே நீலமும் குறைவு. ஐவரி ஹெட் என்று பெயர். எனக்கு இருப்பதில் மிகப் பிடித்தது அதுதான், முன்பக்கம் மோசமாக முத்திரை விழுந்தது என்றாலும். 1857 வாக்கில் மையை மாற்றியதும் தாள் வெளுத்து, நிறமும் ரோஜாச் சிவப்பானது.

இப்போது மூன்றாவது விஷயம், 77-ம் பிளேட். இதற்காகத்தான் கடிதமே.

1864 ஏப்ரலில் நாலு மூலையிலும் எழுத்து வைத்த பென்னி ரெட் வந்தது. கீழே கியூ–ஜி என்றால் மேலே ஜி–கியூ, தலைகீழ் வரிசை. முத்திரை விழாத மேல் பாதி ஒன்றையும் கீழ் பாதி ஒன்றையும் ஒட்டி முழுத் தலையாக்கிய கெட்டிக்காரர்களுக்காகச் செய்தது. இரண்டு பாதியும் பொருந்தாமல் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த வரிசையில்தான் பிளேட் எண்ணும் தலையிலேயே பொறிக்கப்பட்டது. இரண்டு பக்க ஓரக் கொடி வேலைக்குள், செங்குத்தாக, மிகச் சின்னதாக. லென்ஸ் வேண்டும். 71-லிருந்து 225 வரை எண்கள். நடுவில் 75, 77, 126, 128 ஆகிய பிளேட்டுகள் சரியாக வரவில்லை என்று ஒதுக்கப்பட்டன. அதில் 77-ல் சோதனையாக அச்சிட்ட தாள் எப்படியோ விற்பனைக்குப் போய்விட்டது என்று கருதுகிறார்கள். இன்று உலகில் கைவிரல் எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் டாப்ளிங் தொகுப்பில் இருக்கிறது. 2016-ல் ஒன்று ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது, நம் பணத்தில் நாலு கோடிக்கு மேல். உங்கள் கட்டுரையில் இந்தத் தொகை சரியாகவே இருக்கிறது. 'உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்' என்று அடுத்த வரியில் எழுதினீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கட்டுரை வந்த இரண்டாம் நாளே எங்கள் தெருவில் ஒருவர் வந்தார். பையனுக்குச் சேகரிப்பு ஆசை. அப்பா இணையத்தில் ஒரு தனி விற்பனையாளரிடம் ஐந்து இலக்கத் தொகை கொடுத்து 'பிளேட் 77' வாங்கியிருந்தார். "போஸ்டாபீஸ் அத்தை, இது கோடி பெறுமா?" என்று பையன் கேட்கிறான். லென்ஸை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் 77 தெளிவாக இருக்கிறது. வலப்பக்கம் முத்திரைக் கறுப்பு அப்பிக்கிடக்கிறது. ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். இடப்பக்கம் 77-க்கு முன்னால் தாள் மெலிந்து, கடுகளவு இடத்தில் வெளிச்சம் உள்ளே வந்தது. சுரண்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் முத்திரைக் கோடுகளுக்கு நடுவே பொறுமையாகத் தேடினால் 77-க்கு முன்னால் ஒன்று என்ற எண்ணின் நுனி தெரிகிறது. அது 177. சாதாரணத் தலை. சில நூறு ரூபாய் பெறும். சுரண்டாமல் விட்டிருந்தால்.

இது புதிய தந்திரம் இல்லை, பல காலமாக நடப்பதுதான். 177-ம் பிளேட் ஏராளமாக அச்சானது, அதில் முன்னால் உள்ள ஒன்றை மறைப்பது கஷ்டமில்லை. வாசகர்கள் மூன்று விஷயம் பார்த்தால் போதும். பிளேட் எண் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் படிக்க முடிகிற 77-ஐ நம்பக்கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் தாள் எங்கும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். கீழே மட்டும் எழுத்து, மேலே பூ வேலை என்றால் அது 1864-க்கு முந்திய வகை, அதன் முகத்தில் பிளேட் எண்ணே கிடையாது. எழுத்து விடுபட்டுப் போன பழைய 77 வேறு, விற்பனைக்கே வரக்கூடாத இந்த 77 வேறு. உங்கள் கட்டுரையில் இரண்டும் ஒன்றாகிக் கிடக்கிறது.

பரண் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. பென்னி ரெட் பிரிட்டனுக்குள் கடிதம் அனுப்பும் தலை. அன்று அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த கடிதத்துக்கு ஒரு பென்னி போதாது. ஆகவே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பரண்களில் பழைய கடிதத்தோடு அது கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டனுக்கு வெளியே பயன்பட்டது என்று தேட ஆசை இருந்தால் முத்திரையைப் பாருங்கள். 'ஏ25' என்றால் மால்டா, 'ஏ26' என்றால் ஜிப்ரால்டர். கிரிமியப் போருக்குப் போன பட்டாளத்தின் தபாலில் இரண்டு வட்டத்துக்கு நடுவே ஒரு நட்சத்திரம் குத்தினார்கள். நமக்குப் பக்கத்தில் சம்பந்தம் தேடினால் இலங்கை உண்டு. 1857-ல் வெளியான இலங்கையின் முதல் தலை இதே பெர்கின்ஸ் பேகன் அச்சடித்த ஆறு பென்னித் தலை. நம் நாட்டில் 1854-ல் வந்த அரை அணா முதலிய தலைகளோ கல்கத்தாவில் கல்லச்சில் அடித்தவை. செதுக்கல் கோட்டின் கூர்மை அதில் வராது, ஆனால் அதற்கு வேறொரு முரட்டு அழகு உண்டு. அது தனிக் கடிதம்.

மொத்தத்தில் பென்னி ரெட் 2,000 கோடிக்கு மேல் அச்சானது என்கிறார்கள். 1879 கடைசியில் பெர்கின்ஸ் பேகனிடமிருந்து வேலை போனது. 1880 ஜனவரி 1 முதல் டி லா ரூ கம்பெனியின் மலிவான அச்சில் வேறு சிவப்புத் தலை வந்துவிட்டது. ரோலண்ட் ஹில் இறந்ததும் 1879-தான், ஆகஸ்டில். உங்கள் கட்டுரையில் அவரை அதற்கு இருபது வருஷம் முன்பே இறக்கவைத்துவிட்டீர்கள். 1860-ல் சர் பட்டம் வாங்கியவரை 1859-ல் எப்படி அடக்கம் செய்ய முடியும்?

ஆசிரியரிடம் கேட்பது இரண்டே விஷயம். மறுப்பு போடுவதாக இருந்தால் படத்தின் கீழ் வரியைத் திருத்துவதோடு, 77-ஐயும் 177-ஐயும் பற்றிய எச்சரிக்கையை அதே அளவு எழுத்தில் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அரிய தலை என்று யாராவது விற்க வந்தால், லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு சான்றிதழ் தருகிறது, அது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் தெருக்காரர் அதைக் கேட்டு விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். இன்று வரை பதில் இல்லை. பையனுக்கு நான் என்னிடம் இரட்டையாக இருந்த தலைகளில் சிலவற்றையும் பழைய லென்ஸ் ஒன்றையும் கொடுத்திருக்கிறேன். 240 எழுத்து ஜோடியையும் சேர்த்து ஒரு ஷீட் அமைக்கப் போகிறானாம். இதுவரை சேர்ந்ததில் 'ஜே' வரிசையில் ஒன்றுகூட இல்லை என்று புகார். வாசகர்களில் யாரிடமாவது இரட்டையாக இருந்து, நாளிதழ் அலுவலகம் வழியாக அனுப்ப முடிந்தால் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப் போஸ்ட் மாஸ்டர்,
கும்பகோணம்.